காட்டுக்குள் எட்டு நீலக் கொடிகள்

அந்த ஒரு துண்டுக் காட்டுக்குள் நான் பதினொரு தடவை போய் வந்தேன். இரண்டு தடவை போதும் என்றுதான் மலைநாட்டில் எனக்குப் பயிற்சி தந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். வரைபடம் கீற ஒரு தடவை, கொடி வைக்க ஒரு தடவை. எனக்கு அது காணவில்லை. வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே எதையோ சரியாகப் பார்க்காமல் வந்துவிட்டேன் என்று தோன்றும். அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் திரும்பவும் சைக்கிள் காட்டுப் பக்கம் போகும். என் கணவர் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. ஆரம்பத்தில் "உமக்குக் காலிலை சில்லுப் பூட்டித்தான் பெத்தவை" என்பார். இப்போது தேத்தண்ணீரைப் போத்தலில் ஊற்றிக் கையில் தந்துவிடுவார்.

நான் புவியியல் படிப்பிக்கிற ஆசிரியை. இரணைமடுக் குளத்துக்கு அண்மையில் உள்ள ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சிக்காக மலைநாட்டுக்கு அனுப்பப்பட்டபோதுதான் ஓரியன்ரீரிங் என்ற விளையாட்டை முதன்முதலில் கண்டேன். கையில் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் தருவார்கள். காட்டுக்குள் இலக்கம் போட்ட கொடிகள் அங்கங்கே தொங்கும். ஒவ்வொரு கொடியிலும் ஓர் எழுத்து இருக்கும். அதை அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த கொடிக்கு ஓட வேண்டும். எந்த வழியால் போவது என்பது அவரவர் பாடு. பாதை என்று ஒன்று கிடையாது. பெயர் வாயில் நுழையாததால் என் பிள்ளைகள் அதை 'மப் ஓட்டம்' ஆக்கிவிட்டார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

பாதை கிடையாது என்பதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. பாதையை விட்டு இறங்காதே என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர்கள் நாங்கள். போர் முடிந்து மீளக்குடியேறிய புதிதில் உழவு இயந்திரத்தின் சில்லுத் தடத்தில் கால் வைத்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். பற்றைக்குள் ஒரு பூவைக் கண்டால்கூட எட்டிப் பறிக்க மாட்டேன். கண்ணிவெடி எல்லாம் தோண்டி எடுத்து, இடம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் எங்களிடமிருந்து, அதைக் காணாத பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வகுப்பில் வரைபடத்தை விரித்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போவாய் என்று கேட்டால், எல்லாப் பிள்ளைகளும் றோட்டைத்தான் காட்டுவார்கள். குறுக்கே போகலாமே என்றால் என்னை விசித்திரமாகப் பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு பிள்ளைதான் குறுக்கே கோடு போட்டவள். குளக்கட்டுப் பக்கம் அவளுடைய வீடு. தகப்பன் குளத்தில் வலை போடுகிறவர். விடிய எழும்பிச் சைக்கிள் கரியரில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வட்டக்கச்சிப் பக்கம் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அப்படியே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாள். ஒருநாள் நான் கரும்பலகையில் கீறிய வரைபடத்தைப் பார்த்து, "ரீச்சர், வாய்க்கால் அதிலை வளையாது, மதகு தாண்டித்தான் வளையும்" என்றாள். பின்னேரம் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன், இங்கே ஒரு மப் ஓட்டம் நடத்துவது என்று.

ஊருக்கு எல்லாம் மாணவர்களின் வளர்ச்சி என்று பொதுவாகத்தான் சொன்னேன். மனதில் இருந்தது அவள். முதலாவதாக வரும் பெண் பிள்ளைகள் ஒரு சோடியும் ஆண் பிள்ளைகள் ஒரு சோடியும் மலைநாட்டில் பத்து நாள் பயிற்சி முகாமுக்குப் போகலாம் என்று கல்வி அலுவலகத்தில் ஒத்துக்கொண்டார்கள். போக்குவரத்தும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அங்கே தேறினால் மேலே மேலே வழி திறக்கும். வயதெல்லை பதினாறு. அவளுக்கு அந்த வருடம்தான் கடைசி. பெண் பிள்ளைகள் தனியே காட்டுக்குள் போகக்கூடாது, சோடியாகத்தான் என்றும் நிபந்தனை போட்டார்கள். அவளுக்கு ஒரு வயது இளைய தங்கச்சி இருந்தாள். சோடி சரி.

தாயைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. மூன்று தரம் அலைந்தேன். மூன்றாம் தரம் அவர் முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"பொம்பிளைப் பிள்ளையளைக் காட்டுக்கை விட்டிட்டு நான் என்னெண்டு வீட்டிலை இருக்கிறது?" என்றார்.

"காடு உங்கட பிள்ளையளுக்குப் புதுசே? விறகுக்குப் போறவை தானே."

"அது வேலை ரீச்சர். இது விளையாட்டெல்லே."

நான் கதையை மாற்றினேன். முகாமைப் பற்றிச் சொன்னேன். வென்றால் இரண்டு பிள்ளைகளும் மலைநாடு பார்ப்பார்கள், பத்தே பத்து நாள் என்றேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டுக் குசினி வாசலில் நின்ற மூத்தவளைப் பார்த்தார். அவள் வேறெங்கோ பார்ப்பதுபோல நின்றாள். ஆனால் காதெல்லாம் எங்களிடம்தான் இருந்தது.

"உங்கட பொறுப்பு" என்று சொல்லிக் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கடதாசியில் ஒப்பம் வைத்தார்.

காட்டுக்கான அனுமதி ஒரே ஒரு சனிக்கிழமைக்குத்தான் கிடைத்தது. காலையிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை. நெருப்பு மூட்டக்கூடாது, குப்பை போடக்கூடாது, மரத்தையோ கொப்பையோ வெட்டவும் முறிக்கவும் கூடாது என்று கீழே எழுதியிருந்தது. அந்தக் கடதாசியைப் பொலித்தீன் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு தரம் எடுத்து வாசிப்பேன்.

எனக்கு உதவிக்கு வந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்துக் கணித ஆசிரியர். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பரம்பரையாகக் கடலுக்குப் போகிறவர்கள். நல்ல மனிதர். ஆனால் காட்டுக்குள் நுழைந்தால் அரை மணித்தியாலத்தில் தான் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் போய்விடும். "கடல் எண்டால் கண்ணைக் கட்டி விட்டாலும் கரைக்கு வருவன் ரீச்சர். இஞ்சை எல்லா மரமும் ஒரு மாதிரி நிக்குது" என்பார். அவரைத் திசையறி விளையாட்டுக்கு உதவியாளராக எடுத்ததை நினைத்துப் பள்ளிக்கூடமே சிரித்தது. எனக்குச் சிரிக்க நேரமில்லை.

கொடிகளை நாங்களே தைத்தோம். உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்குச் செம்மஞ்சளும் வெள்ளையும்தான் நிறம். எங்கள் காட்டில் கண்ணிவெடி எச்சரிக்கை மாதிரி அந்த நிறத்தில் துணி தொங்கினால், பிள்ளைகள் அல்ல, மாடுகூட உள்ளே போகாது. கிளிநொச்சியில் நல்ல நீலத்தில் துணி வாங்கி, எட்டுக் கொடி தைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளை மையால் இலக்கமும் எழுத்தும் எழுதினோம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொடி வைக்கப் போனோம். பாலைப்பழக் காலம். நிலமெல்லாம் மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடந்தது. கரடி வரும் என்று கணித ஆசிரியர் இரண்டு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் திசைகாட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, காலடி எண்ணிக்கொண்டு முன்னால் போனேன். அவர் கொடிப் பையுடன் பின்னால் வந்தார். வெயில் இறங்குவதற்குள் முடிக்க வேண்டும். நாலாம் கொடியை நான் இரண்டு தரம் இடம் மாற்றினேன். முதல் வைத்த இடம் வாய்க்காலிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. இரண்டாம் இடத்தில் முள். ஆறாம் கொடியில் எழுத்து உட்பக்கம் திரும்பியிருந்தது என்று அரைவழியில் நினைவு வந்து திரும்பி ஓடினேன். சரியாகத்தான் இருந்தது. இந்த அவதியில் எங்கேயோ ஓரிடத்தில் அவர், "ரீச்சர், மரங்களோடை என்ன கோபம்?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நிற்கவும் இல்லை.

சனிக்கிழமை விடிந்தபோது நான் அங்கே நின்றேன். பதினான்கு சோடிகள் வந்திருந்தன. எங்கள் பள்ளிக்கூடம், கிளிநொச்சி ரவுணிலிருந்து பெரிய பள்ளிக்கூடம், இன்னும் இரண்டு. பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரே மாதிரி ரீசேட் போட்டு, கழுத்தில் விசிலும் தொங்கவிட்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய விளையாட்டு ஆசிரியர் ஒரு மாதமாக அவர்களுக்கு மைதானத்தில் வரைபடப் பயிற்சி கொடுத்தவர். கண்டிப்பானவர், நேர்மையானவர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததில் அவருடைய பிழை ஒன்றும் இல்லை. விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரியும் வெள்ளைத் தொப்பியோடு வந்து, மரநிழலில் போட்ட கதிரையில் இருந்தார்.

நான் அனுமதிக் கடதாசியை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். நெருப்பு இல்லை, குப்பை இல்லை. "ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது, விளங்கிச்சோ?" "ஓம் ரீச்சர்" என்று இருபத்தெட்டுக் குரல்கள்.

நாலு நிமிடத்துக்கு ஒரு சோடி என்று அனுப்பினோம். கணித ஆசிரியர் தண்ணீர்ப் போத்தல்களோடு ஐந்தாம் கொடிக்குக் கிட்டப் போய் நின்றார். போகும்போது, "என்னைத் தேட ஒரு சோடி அனுப்புங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் தங்கச்சியும் ஒன்பதாவது. மூத்தவள் வரைபடத்தை வாங்கி ஒரு பார்வை பார்த்து நாலாக மடித்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதன்பிறகு மரங்களுக்குள் இரண்டு பின்னல்கள் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தன.

காத்திருப்பது எனக்கு வராத கலை. நின்றேன், இருந்தேன், எழும்பினேன். மேசைக்கும் காட்டு விளிம்புக்கும் நடந்தேன். போனவர்களின் பட்டியலைத் திரும்பத் திரும்ப எண்ணினேன். "ரீச்சர், இருங்கோவன், எனக்குத் தலை சுத்துது" என்றார் அதிகாரி. இருந்தேன். ஒரு நிமிடத்தில் திரும்பவும் எழும்பிவிட்டேன்.

முதலில் வெளியே வந்தது அக்காவும் தங்கச்சியும்.

முதலில் புறப்பட்ட சோடியே இன்னும் வரவில்லை. ஒன்பதாவதாகப் போனவர்கள் ஐம்பது நிமிடத்தில், மூச்சு வாங்க, பாவாடை முழுக்க ஒட்டுப்புல்லோடு வந்து அட்டையை மேசையில் வைத்தார்கள். எட்டு எழுத்தும் சரி. எனக்குள் எழுந்த சந்தோசத்தை நான் மறைக்கவில்லை. கையைத் தட்டிவிட்டேன். ஒழுங்கமைப்பாளர் கை தட்டக்கூடாது. அது எனக்குத் தெரியும்.

அடுத்ததாகப் பெரிய பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் சோடி வந்தது. அவர்களுக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்திருந்தது. அவர்களுடைய ஆசிரியர் பலகையில் எழுதிய நேரங்களைப் பார்த்தார். பிறகு மூத்தவளிடம் வந்தார்.

"ஐம்பது நிமிசம். என்ன பிள்ளை, பறந்தனீங்களோ?"

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இல்லை சேர். கொப்பு முறிச்சிருந்தது. அதைப் பாத்து ஓடினனாங்கள்."

"என்ன கொப்பு?"

"வழிக்குத்தான் சேர். காட்டுக்கை போறவை முறிக்கிறது."

எங்கள் பக்கத்தில் விறகுக்கோ தேனுக்கோ, காணாமல்போன மாட்டைத் தேடியோ காட்டுக்குள் போகிற எவரும் செய்வது இது. திரும்புகிற இடத்தில் எல்லாம் கைக்கெட்டும் ஒரு சின்னக் கொப்பை முறிப்பார்கள். முழுதாக ஒடித்து எறிவதில்லை. போகிற திசைக்கு மடித்துவிடுவார்கள். இலையின் வெளிறிய அடிப்பக்கம் மேலே வரும். திரும்பி வரும்போது தூரத்திலேயே கண்ணில் படும். யாரும் இதைக் கற்றுக் கொடுப்பதில்லை. காட்டுக்குள் போனால் கை தானாகச் செய்யும். ரவுண் பிள்ளைகள் வரைபடத்தையும் திசைகாட்டியையும் பார்த்துக்கொண்டு போனதால் அவர்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள் இரண்டு பேரும் கண்டிருந்தார்களாம். ஆனால் அவர்கள் மூன்றாம் கொடியில் பாலை மரத்தில் ஏறி, வாயெல்லாம் பால் ஒட்ட ஒட்டப் பழம் தின்றுவிட்டு மத்தியானம்தான் வந்து சேர்ந்தார்கள்.

அதிகாரி எழும்பினார். "வாங்கோ, பாப்பம்" என்றார். அவர், அந்த ஆசிரியர், நான், இரண்டு பிள்ளைகள். தொடக்கத்திலிருந்து நூறு காலடிகூட இராது, ஒரு வீரைக் கன்று நின்றது. அதில் ஒரு கொப்பு முறிந்து, முதலாம் கொடியின் திசைக்கு மடிந்து கிடந்தது.

ஒரு மடிப்பு அல்ல, இரண்டு மடிப்பு.

எல்லாரும் ஒரு தரம்தான் மடிப்பார்கள். ஒரு தரம் மடித்தது காற்றுக்கு நிமிர்ந்துவிடும் என்று எங்கள் வீட்டில் இரண்டாகத்தான் மடிப்போம். முறிவு என் தோள் உயரத்தில் இருந்தது.  வாய் காலடி எண்ண, கண் திசைகாட்டியில் இருக்க, என் வலது கை எனக்குச் சொல்லாமல் எட்டுக் கொடிக்கும் வழி போட்டிருக்கிறது. பாதையில்லாமல் ஓடட்டும் என்று ஆசைப்பட்டவள் நான். நானே காடு முழுக்கப் பாதை போட்டுவிட்டு, விடிய வந்து ஒரு கொப்பும் முறிக்கக்கூடாது என்று வாசித்திருக்கிறேன்.

"நேற்று இதுக்கை வந்தது ரீச்சரும் கணக்கு வாத்தியாரும்தான்" என்றார் அந்த ஆசிரியர். குரலை உயர்த்தவில்லை. "ரீச்சருக்கு இந்தப் பிள்ளையிலை ஒரு பட்சம் இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் வேறை ஒண்டும் சொல்லேல்லை. இப்பிடி எண்டால் அடுத்த வருசம் எங்கட பிள்ளையள் வரமாட்டினம். வேறை ஆரும் வருவினமோ எண்டும் பாருங்கோ."

அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அவசரப்படாதேங்கோ. பிழை நடத்தின ஆக்களிலை எண்டால், கொடியை மாத்தி வைச்சு, முன்னுக்கு வந்த சோடியளைத் திரும்ப ஓட விடலாம். நாலு மணி மட்டும் நேரம் கிடக்கு. பிழை பிள்ளையளிலை எண்டால் பேரை வெட்டுறதுதான். ஆர் முறிச்சது?"

நான் வாயைத் திறந்தேன். நான் முறித்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்: யாருக்காக? கை தட்டியவள் நான். மூன்று தரம் அந்த வீட்டு முற்றத்துக்குப் போனவள் நான். தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

மூத்தவள் கொப்பைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாங்கள்தான் சேர்" என்றாள். "போன கிழமை விறகுக்கு வரேக்கை, ரீச்சர் கொடிக்கு இடம் குறிச்சதைப் பாத்தனாங்கள். அப்ப முறிச்சது."

தங்கச்சி திடுக்கிட்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

முறிவு பச்சையாக இருந்தது. ஒரு வாரத்துக்கு முன் முறித்த கொப்பின் இலை சுருண்டு கறுத்திருக்கும். அங்கே நின்ற இரண்டு ஆண்களும் காட்டுக்குப் பழக்கமில்லாதவர்கள். எனக்குத் தெரியும். என் உடம்பில் அந்த நேரம் ஓடியது என்ன என்பதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். நிம்மதி. வெட்கமோ கவலையோ அல்ல, முதலில் வந்தது நிம்மதிதான்.

அதிகாரி என்னிடம் திரும்பினார். "நீங்கள் என்ன சொல்லுறியள் ரீச்சர்?"

"அவள்தானே சொல்லுறாள், சேர்" என்றேன்.

மேசைக்குத் திரும்பி வந்து, பெயரை வெட்டி, காரணம் எழுதி, ஒழுங்கமைப்பாளர் என்ற இடத்தில் என்னை ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். பெரிய பள்ளிக்கூடத்துச் சோடி முதலாவது. அந்தப் பிள்ளைகள் பாவம், துள்ளிக் குதித்தார்கள். அவர்கள் நேர்மையாக ஓடி வந்தவர்கள்.

மற்றவர்களும் வந்து சேர்ந்து, எண்ணிப் பார்த்து, எல்லாரும் கலைந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. கணித ஆசிரியரும் நானும் கொடி கழற்றப் போனோம். நடந்தது அவருக்கு அதுவரை தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவருடைய நடை குறைந்து, இரண்டாம் கொடியில் நின்றுவிட்டார்.

"ரீச்சர், அது நீங்களெல்லே முறிச்சது. நான் கேட்டனான் தானே, மரங்களோடை என்ன கோபம் எண்டு."

"கேட்டால் விளங்கக் கேட்க வேணும்!" என்று அவர்மேல் பாய்ந்தேன். "கடல் கதையெல்லாம் வண்டில் வண்டிலாச் சொல்லத் தெரியுது. இதை ஒழுங்காச் சொல்லத் தெரியேல்லை."

அவர் கோபிக்கவில்லை. "இப்பவும் பிந்தேல்லை. அதிகாரி சந்திக் கடையிலை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் மோட்டச்சைக்கிளிலை பத்து நிமிசத்திலை கூட்டிக்கொண்டு வருவன். நாலு கொடி காணும், திரும்ப வைப்பம். நான் வைக்கிறன். எனக்குக் கொப்பு முறிக்கவே தெரியாது."

நான் கொடியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சு இறுகியிருந்தது. அதை அவிழ்ப்பதைத் தவிர உலகத்தில் வேறு வேலை இல்லாததுபோல அவிழ்த்தேன்.

"கழட்டுவம் சேர்" என்றேன். "நேரம் போகுது."

எட்டையும் கழற்றினோம். ஒவ்வொரு கொடிக்கும் இடையில் என் கொப்புகள் வெளிறிய இலையைக் காட்டிக்கொண்டு நின்றன. பின்னால் வந்தவர் கரடிக்குக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது அக்காவும் தங்கச்சியும் சைக்கிளோடு நின்றார்கள். மிஞ்சிய தண்ணீர்ப் போத்தல்களை ஏற்றிவிட நின்றோம் என்றார்கள். நான் மூத்தவளைத் தனியே கூப்பிட்டேன்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனி?"

"இப்பிடி எண்டால் இனி ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு அந்தச் சேர் சொன்னவர் தானே. அடுத்த வருசம் நடக்கவேணும் ரீச்சர். தங்கச்சிக்கு அடுத்த வருசம் தானே பதினாறு." சைக்கிள் மணியைத் தடவினாள். "அவள் என்னைவிட நல்லா ஓடுவாள். இண்டைக்கு நான்தான் முன்னுக்கு ஓடினனான், அதாலை தெரியேல்லை."

நான் தலையாட்டினேன். தலையைத்தான் ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்கக் கூட்டினேன். அலுமாரியை இழுத்து அதன் பின்பக்கம் கூட்டினேன். கூட்டிய இடத்தைத் திரும்பவும் கூட்டினேன். சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். என் கணவர் விளக்குமாற்றைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "என்னத்தையாவது செய்ய வேணுமெண்டால் போய்ச் செய்யும். இந்த நிலம் இனித் தேயும்" என்றார். அன்றைக்குப் போகவில்லை. அதிகாரியின் வீடு எனக்குத் தெரியும். சைக்கிளில் முக்கால் மணித்தியாலம். விடுமுறை நாளில் ஒருவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அலுவலகம் திறக்க முதலே போய் நின்றேன். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பு, இரண்டு மடிப்பு, கணித ஆசிரியர் கேட்டது, பிள்ளை சொன்ன பொய், நான் சொன்ன பொய். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்படவில்லை. களைத்துப்போனவராகத் தெரிந்தார்.

"பேர் சனிக்கிழமை பின்னேரமே போயிட்டுது ரீச்சர். இனி மாத்த ஏலாது. அந்தப் பிள்ளையளிட்டை இருந்து திருப்பிப் பறிக்கவும் ஏலாது. அண்டைக்கு அந்த இடத்திலை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் திரும்ப ஓட விட்டிருப்பன் தானே. நானே வழியும் சொன்னனான்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "இவ்வளவு சொன்னாப்பிறகு நான் கேக்காத மாதிரி இருக்கேலாது. எழுத்திலை தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்து வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. ஏ ஒன்பது வீதியால் சைக்கிளை நல்ல வேகமாக மிதித்துக்கொண்டு வந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் நல்லதொரு காரியம் செய்துவிட்டேன் என்ற எண்ணம் பல நாள் இருந்தது.

கணித ஆசிரியரிடம் சொன்னேன். "நல்லது" என்றார்.  அந்த வருட முடிவில் மாற்றம் கேட்டுத் தன் ஊர்ப் பக்கம் போய்விட்டார். மூத்தவளிடம் நான் சொல்லவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

அடுத்த வருடம் பாலை பூத்ததும் வரைபடத்தை எடுத்துத் தூசி தட்டினேன். புதிதாக ஒரு பகுதியையும் சேர்த்து அளந்தேன். விண்ணப்பம் கொடுத்தேன். பதில் வரவில்லை. திரும்பவும் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில், முன்னைய நிகழ்வில் ஒழுங்கமைப்பாளரே எழுத்தில் ஒப்புக்கொண்ட குறைபாடுகள் காரணமாக இவ்வருடம் அனுமதி வழங்க இயலாது என்று இருந்தது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பாலைப்பழம் கொட்டி, காய்ந்து, எறும்பு தின்று முடிந்தது. தங்கச்சிக்குப் பதினாறு முடிந்தது.

மூத்தவளை வட்டக்கச்சியில் ஒரு வேலியோரம் கண்டேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தாள். மீன் பெட்டி இப்போது பெரிது. ஒரு வீட்டுக்காரிக்கு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த முறை மப் ஓட்டம் இல்லையோ ரீச்சர்? தங்கச்சி வருசம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள்."

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். திங்கட்கிழமை நான் போனது, உண்மையைச் சொன்னது, எழுதிக் கொடுத்தது, அதனாலேயே இந்த வருடம் அனுமதி கிடைக்காமல் போனது. என் மனம் கேட்கவில்லை பிள்ளை, உன்னில் பழி கிடக்க விட எனக்கு ஏலாமல் போய்விட்டது என்றேன். பாராட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்திருப்பேன் போல.

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அந்த வரைபடத்தை நாலாக மடித்தபோது இருந்த அதே நிதானத்தோடு யோசித்தாள்.

"சனிக்கிழமை சொல்லியிருந்தால் நான் போயிருப்பன் ரீச்சர்" என்றாள். "சொல்லாமலே விட்டிருந்தால் தங்கச்சி போயிருப்பாள்."

வீட்டுக்காரி மீனுக்கு அவசரப்படுத்தினாள். மூத்தவள் போய்விட்டாள்.